வீட்டுத் தோட்டத்துக்குத் தானாக நீர் பாய்ச்சும் டைமரும் வால்வும்

பாலாற்றுக்குத் தெற்கே, சர்க்கரை ஆலை அமைந்துள்ள படாளத்தைச் சுற்றிய ஊர்களில் நெல்லும் கரும்பும் பயிரிடும் சிறு விவசாயிகள் பலர், வீட்டுக் கொல்லையில் இரண்டு மூன்று சென்ட் இடத்தில் கத்தரி, வெண்டை, மிளகாய், கீரை, ஒரு புடலைப் பந்தல் என்று போட்டு வருகிறார்கள். இத்தோட்டத்துக்கு நீர் ஊற்றும் வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகிறது. நடவு, களை, கரும்பு வெட்டு என்று வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் வயலுக்குப் போகும் நாட்களிலும், உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு இரண்டு நாள் வெளியூர் செல்லும்போதும் தோட்டம் காய்கிறது. கத்திரி வெயில் காலத்தில் இரண்டு நாள் நீர் தப்பினால் தக்காளியும் மிளகாயும் பூவை உதிர்த்துவிடும். ஒரு மாத விளைச்சல் போனது போலத்தான்.

இதற்காகவே குறித்த நேரத்தில் நீரைத் திறந்து, குறித்த நேரத்தில் மூடும் டைமர்களும் வால்வுகளும் கடைகளில் வந்துள்ளன. செங்கல்பட்டு, மதுராந்தகம் கடைகளில் கேட்டால் வாங்கித் தருவார்கள், அஞ்சலிலும் வருகின்றன. ஆனால் வாங்கியவர்களில் பலர் சில வாரங்களில் அதைக் கழற்றி மூலையில் போட்டுவிடுவதும் உண்டு. கருவி கெட்டது என்று சொல்வார்கள். பெரும்பாலும் கருவி கெடவில்லை. நம் வீட்டுத் தொட்டிக்குப் பொருந்தாத கருவி அது.

ஏரிப் பாசனத்தில் மதகைத் திறந்து மூடி, வயலுக்கு வயல் நீர் பிரித்துவிடும் கம்புக்கட்டியை இவ்வட்டார விவசாயிகள் அறிவார்கள். அவருடைய வேலையில் இரண்டு பகுதிகள் உண்டு. எப்போது, எவ்வளவு நேரம் என்று கணக்கு வைப்பது ஒன்று. கையால் மடையைத் திறந்து அடைப்பது மற்றொன்று. டைமர் முதல் வேலையையும் வால்வு இரண்டாம் வேலையையும் செய்கின்றன. சில கருவிகளில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். சிலவற்றில் டைமர் சுவரிலும் வால்வு தோட்டத்திலும் இருந்து, இடையில் ஒயர் செல்லும்.

முதலில் நீரின் கணக்கு

எவ்வளவு நீர் வேண்டும் என்று தெரியாமல் டைமர் வாங்குவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது போன்றது. ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40 சதுர மீட்டர். அதன் மீது ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நிற்க வேண்டுமானால் 40 லிட்டர் தேவை. இந்தப் பகுதியில் ஏப்ரல், மே மாதங்களில் நன்கு வளர்ந்த காய்கறிப் பயிர் நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் நீரை உறிஞ்சி வெளியேற்றும். ஆகவே சென்ட்டுக்கு 200 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் பதின்மூன்று குடம். இரண்டு சென்ட் தோட்டமானால் 400 லிட்டர், இருபத்தேழு குடம். மார்கழி, தை மாதங்களில் இதில் பாதிக்குச் சற்று மேல் போதும். நாற்று நட்ட புதிதில் இன்னும் குறைவு.

வீட்டு மாடியில் இருப்பது 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி என்றால், தோட்டம் ஒரே வேளையில் அதை ஏறக்குறையக் காலி செய்துவிடும் என்பது இதிலிருந்து விளங்கும். வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டால் தொட்டி முழுதும் போய்விடும். விடிந்து எழுந்தால் முகம் கழுவவும் நீர் இராது. இதைத் தடுக்க எளிய வழி உண்டு. தோட்டத்துக்குச் செல்லும் குழாயைத் தொட்டியின் அடியிலிருந்து எடுக்காமல், பாதி உயரத்தில் தனியாகத் துளையிட்டு எடுக்க வேண்டும். அப்போது டைமர் என்ன கோளாறு செய்தாலும் கீழ்ப்பாதி நீர் வீட்டுக்கு மிஞ்சும். இப்படிச் செய்தால் தோட்டத்துக்குக் கிடைப்பது 250 லிட்டர்தான் என்பதால், ஒரு சென்ட்டுக்கு மேல் உள்ளவர்கள் தொட்டியை இருமுறை நிரப்ப வேண்டும், அல்லது தோட்டத்துக்கென்று தனித் தொட்டி வைக்க வேண்டும். ஊராட்சிக் குடிநீர் இணைப்பிலிருந்து நேரே தோட்டத்துக்கு எடுப்பது கூடாது. அது அண்டை வீட்டார் குடிக்கும் நீர்.

தொட்டி உயரமும் வால்வின் குணமும்

வாங்கும்போது ஏமாறுகிற இடம் இதுதான். ஆகவே சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது.

நீர் பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் கீழே ஏறத்தாழ ஒரு 'பார்' அழுத்தம் கிடைக்கும். ஒரு மாடி கூட இல்லாத தளம் போட்ட வீட்டில், கூரை மேல் மேடை கட்டி வைத்த தொட்டியின் நீர்மட்டம் தரையிலிருந்து நாலு மீட்டர் உயரம் இருக்கும். அழுத்தம் 0.4 பார். ஓட்டு வீட்டுக்குப் பக்கத்தில் கல் தூண் மேல் வைத்த தொட்டியானால் 0.2 பார்.

கடைகளில் அதிகம் கிடைப்பது 'சோலனாய்டு' வால்வு. இதன் உள்ளே ரப்பர்த் தகடு ஒன்று உண்டு. அத்தகட்டை நீரின் அழுத்தமே மேலிருந்து அமுக்கி மூடி வைத்திருக்கிறது. மின்சாரம் வந்ததும் கம்பிச் சுருள் ஒரு சிறு ஊசியைத் தூக்கும். மேலே உள்ள அழுத்தம் ஊசி முனை அளவுள்ள துளை வழியாக வடிய, தகடு எழும்பி நீர் பாயும். மின்சாரம் நின்றதும் மறுபடி அழுத்தம் சேர்ந்து தகட்டை அமுக்கும். அதாவது இந்த வால்வைத் திறப்பதும் மூடுவதும் உண்மையில் நீரின் அழுத்தம்தான். மின்சாரம் சைகை மட்டுமே காட்டுகிறது. இவ்வகையில் பெரும்பாலானவை சரியாக வேலை செய்ய 0.5 முதல் 1 பார் வரை அழுத்தம் கேட்பவை. நாலு மீட்டர் தொட்டியில் பொருத்தினால் அரைகுறையாகத் திறக்கும். மூடும்போது முழுதும் மூடாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும். கடைக்காரர் மாற்றித் தந்தாலும் புதியதும் அப்படியே செய்யும்.

தொட்டி நீரை நம்பியிருப்பவர்களுக்கு ஏற்றது மோட்டாரால் திருகும் 'பால் வால்வு' வகை. நாம் கையால் திருகும் உருண்டை வால்வையே ஒரு சின்ன மோட்டார் திருப்புகிறது. அழுத்தம் அறவே இல்லாவிட்டாலும் திறக்கும், மூடும். அட்டைப் பெட்டியில் குறைந்த அழுத்தம் '0 பார்' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அச்சிடாததைக் கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பி வாங்கக் கூடாது.

இதிலும் ஒரு குறை உண்டு. வால்வு திறந்திருக்கும் நேரத்தில் பாட்டரி தீர்ந்துபோனால் அது திறந்தபடியே நின்றுவிடும். நல்ல கருவிகளில் பாட்டரி வலுவிழக்கும்போதே மூடிக்கொண்டு, பிறகு திறக்க மறுக்கும் ஏற்பாடு இருக்கிறது. வாங்கும்போது இதைக் கேட்டறிய வேண்டும். எப்படியாயினும் ஆடிப் பதினெட்டுக்கும் பொங்கலுக்கும் பாட்டரியை மாற்றிவிடுவது என்று வழக்கம் வைத்துக்கொண்டால் மறக்காது. மலிவான பாட்டரி போட்டு மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

ஆழ்துளைக் கிணற்று மோட்டாரிலிருந்து நேரே தோட்டத்துக்கு நீர் எடுப்பவர்களுக்கு அழுத்தக் குறை இல்லை. அவர்களுக்குச் சோலனாய்டு வால்வு பொருந்தும். அதில் 24 வோல்ட்டில் இயங்குவதையே வாங்க வேண்டும். 230 வோல்ட் சுருள் உள்ள வால்வும் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. ஈர மண்ணில், பிள்ளைகள் நடமாடும் கொல்லையில், எலி கடிக்கும் ஒயரில் 230 வோல்ட் ஓடுவது உயிரோடு விளையாடுவதாகும். வாஷிங் மெஷினுக்கும் குடிநீர் வடிகட்டிக்கும் வரும் சிறு வால்வுகளைத் தோட்டத்துக்குப் போட்டுப் பார்ப்பவர்களும் உண்டு; நீர் வழி குறுகலாக இருப்பதால் அவை தோட்டத்துக்கு உதவா.

வால்வின் உடலில் அம்புக்குறி ஒன்று வார்த்திருக்கும். நீர் போகும் திசையில் அம்பு இருக்க வேண்டும். தலைகீழாகப் பொருத்திய சோலனாய்டு வால்வு மூடவே மூடாது.

மோட்டாருக்கே டைமர் வைத்தால்

வால்வு எதுவும் வேண்டாம், மோட்டாரையே நேரம் வைத்து ஓட்டினால் போதாதா என்று கேட்கலாம். போதும், ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். பிளக்கில் செருகும் சிறு டைமரில் ஒரு குதிரைசக்தி மோட்டாரை நேரே மாட்டக் கூடாது. மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப் போல் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். டைமரின் உள்முனைகள் உருகி ஒட்டிக்கொண்டு, பிறகு மோட்டார் நிற்கவே நிற்காது. டைமர் ஒரு 'கான்டாக்டரை' இயக்க, கான்டாக்டர் மோட்டாரை இயக்குமாறு எலக்ட்ரீஷியனைக் கொண்டு அமைக்க வேண்டும். இரண்டாவது, கிணற்றில் நீர் இறங்கினால் மோட்டாரை நிறுத்தும் காப்புக் கருவி கட்டாயம் வேண்டும். ஆள் பக்கத்தில் இருந்தால் சத்தத்தை வைத்தே கண்டுகொள்வார். டைமருக்குக் காது இல்லை.

வால்வும் மோட்டாரும் சேர்ந்து இயங்கும் இடங்களில் வால்வு முதலில் திறந்து பிறகு மோட்டார் ஓட வேண்டும். நிற்கும்போது மோட்டார் முதலில் நிற்க வேண்டும். மூடிய வால்வின் மீது மோட்டார் தள்ளினால் குழாய் இணைப்புகள் பிரிந்துவிடும்.

வயல்வெளி மோட்டார்களில் தானியங்கி என்பது புதிதல்ல. மும்முனை மின்சாரம் வந்ததும் தானே கிளம்பும் 'ஆட்டோ ஸ்டார்ட்டர்' தமிழ்நாட்டுக் கிணறுகளில் நெடுங்காலமாக உள்ளது. கிளம்பத் தெரிந்த அதற்கு நிற்கத் தெரியாது என்பதுதான் வினை. நள்ளிரவில் மின்சாரம் வந்து, மோட்டார் ஓடி, வரப்பு மீறி நீர் வழிந்ததைக் காலையில் போய்ப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். ஆட்டோவுடன் ஓடும் நேரத்தை வரையறுக்கும் டைமரையும் சேர்த்தால்தான் அது முழுமை பெறும். கைப்பேசியில் மோட்டாரை இயக்கி நிறுத்தும் கருவியை வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்துடன் வழங்கியிருக்கிறது. வயல் மோட்டாருக்குத் தேவைப்படுவோர் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

டைமரில் பார்க்க வேண்டியவை

பல் சக்கரம் போன்ற முகப்பு சுழலும் பழைய வகை டைமர் மின்சாரம் போனால் நின்றுவிடும்; மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். இரண்டு மணி நேரம் மின்தடை என்றால் காலை 5 மணிப் பாய்ச்சல் 7 மணிக்கு நடக்கும். நாலு தடைகளில் அது உச்சி வெயிலுக்கு வந்து சேரும். ஆகவே பாட்டரி துணையுடன் மணி காக்கும் எண் முகப்பு டைமரே நம் ஊருக்கு உகந்தது.

மலிவான டைமர் சிலவற்றில் கடிகாரமே இராது. பொத்தானை அழுத்திய நேரத்திலிருந்து 24 மணிக்கு ஒரு முறை என்று மட்டும் எண்ணும். மாலையில் பொருத்தினால் மாலையில்தான் பாயும். நீர் பாய்ச்ச ஏற்ற நேரம் காலை 5 முதல் 7 வரை. வெயிலில் கிடக்கும் கறுப்புக் குழாயில் உள்ள நீர் நடுப்பகலில் கொதிக்கும் என்பதை மறக்கலாகாது.

எத்தனை நாளைக்கு ஒரு முறை, நாளில் எத்தனை முறை என்ற இரண்டையும் மாற்றும் வசதி வேண்டும். காரணம் மண். ஏரி ஆயக்கட்டை ஒட்டிய களிப்பு மண்ணில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீண்ட நேரம் பாய்ச்சலாம். மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கத்துக் கடற்கரை மணலில் நீர் நிற்காமல் இறங்கிவிடுமாதலால், அதே நீரைக் காலையில் பாதி, மாலையில் பாதி என்று கொடுக்க வேண்டும். அங்கே கிணற்று நீர் உவர்ப்பாக உள்ள இடங்களில் மண் காயக் காய உப்பு வேருக்கு ஏறும். சிறிது சிறிதாக அடிக்கடி விடுவது அதற்கும் நல்லது. அத்தகைய நீரை இலை மேல் தெளிக்கக் கூடாது.

கைப்பேசியோடு பேசும் டைமர்கள் வந்துள்ளன. வீட்டில் இணைய வசதி இருப்பவர்களுக்கு அது வசதிதான். இணையம் அறுந்தாலும் உள்ளே பதிந்த நேரப்படி நீர் விடுமா என்று கேட்டு, விடும் என்றால் மட்டும் வாங்கலாம்.

குழாயும் சொட்டுவானும்

இஸ்ரேலில் 1965ல் தொழில்முறையாகத் தொடங்கிய சொட்டு நீர்ப் பாசனத்தை, 1970களில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆர்.கே. சிவனப்பன் ஆய்வு செய்து நம் விவசாயிகளிடம் பரப்பினார். டைமருக்கு மிகவும் இணக்கமான பாசனம் இதுவே. வாய்க்கால் பாய்ச்சலில் ஆள் நின்று மடை மாற்றியாக வேண்டும்.

ஒரு மீட்டர் இடைவெளியில் வரிசை அமைத்தால் சென்ட்டுக்கு 40 மீட்டர் குழாய் வேண்டும். 40 சென்டிமீட்டருக்கு ஒரு சொட்டுவான் உள்ள குழாய் எனில் சென்ட்டுக்கு 100 சொட்டுவான்கள். மணிக்கு 4 லிட்டர் என்று குழாயில் அச்சிட்டிருந்தால் அது ஒரு பார் அழுத்தத்தில். நாலு மீட்டர் தொட்டியில் அது சுமார் 2.5 லிட்டர்தான் சொட்டும். இரண்டு சென்ட்டுக்கு 200 சொட்டுவான்களில் மணிக்கு 500 லிட்டர். வேண்டிய 400 லிட்டருக்கு 48 நிமிடம், நம் பழைய கணக்கில் இரண்டு நாழிகை. மணல் மண்ணில் காலை ஒரு நாழிகை, மாலை ஒரு நாழிகை.

கணக்கை அப்படியே நம்பாமல் அளந்து பார்ப்பது மேல். குழாயின் தொடக்கம், நடு, கடைசி ஆகிய மூன்று இடங்களில் சொட்டுவான் அடியில் குழி பறித்து ஒரு தம்ளர் வைத்து, 6 நிமிடம் சொட்டவிட வேண்டும். சேர்ந்ததைப் பத்தால் பெருக்கினால் ஒரு மணி நேர அளவு. தம்ளரில் 250 மில்லி இருந்தால் மணிக்கு இரண்டரை லிட்டர். கடைசித் தம்ளரில் மிகவும் குறைந்தால் குழாய் நீளம் அதிகம் என்று பொருள்; இரண்டாகப் பிரிக்க வேண்டும். அழுத்தம் சமன் செய்யும் சொட்டுவான் என்று விலை கூடிய ஒன்றைக் காட்டுவார்கள். அது தாழ்வான தொட்டிக்கு ஏற்றதல்ல.

வால்வுக்கு முன்னால் 120 மெஷ் வடிகட்டி வைத்தே தீர வேண்டும். ஊசித் துளையில் ஒரு மணல் துணுக்கு உட்கார்ந்தால் சோலனாய்டு மூடாது. திறந்த கிணற்றுப் பாசி நீருக்கு வலை வடிகட்டியை விடத் தட்டு வடிகட்டி சிறந்தது. வாரம் ஒரு முறை வடிகட்டியைக் கழுவி, குழாய்களின் கடைசி மூடியைத் திறந்து அழுக்கு நீரை வெளியேற்ற வேண்டும். கடினமான நீர் உள்ள ஊர்களில் சொட்டுவான் வாயில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். அங்கே டி.ஏ.பி. உரத்தைக் கரைத்துக் குழாயில் விட்டால் அடைப்பு இரட்டிப்பாகும்.

எல்லாப் பயிரையும் ஒரே வால்வில் கோத்துவிடுவது பலர் செய்வது. காய்கறிக்கு வைத்த நேரம் வாழைக்குப் போதாது. முருங்கைக்கு மிகை, வேர் அழுகும். இரண்டு மூன்று வால்வு வாங்க வசதி இல்லாவிட்டால், ஒவ்வொரு கிளைக் குழாயிலும் கையால் மூடும் சிறு குழாய்த்திருகு வைத்து, வாழைக்குச் சொட்டுவான் எண்ணிக்கையைக் கூட்டலாம். முருங்கையைச் சேர்க்காமல் விடுவதே நன்று.

மூன்று நான்கு கொடி மட்டும் உள்ளவர்களுக்கு இந்தச் செலவே வேண்டாம். சுடப்பட்ட, பூச்சு இல்லாத மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவைத்தால் அதன் உடல் வழியே நீர் கசிந்து வேருக்குச் சேரும். இரண்டு மூன்று நாள் தாங்கும். இதற்குப் பாட்டரி கிடையாது.

வயலுக்குச் சொட்டு நீர் போட விரும்புவோருக்கு, சிறு குறு விவசாயிகளானால் 100 சதவீதமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் அரசு மானியம் உண்டு. சிறு குறு விவசாயி சான்று, சிட்டா, அடங்கல், ஆதார் ஆகியவற்றுடன் தோட்டக்கலைத் துறை அல்லது வேளாண்மைத் துறை அலுவலகத்தை அணுக வேண்டும். காய்கறி சாகுபடி பற்றிய ஐயங்களைக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

மழைக்காலம் தனி. செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் பெருமழை தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அன்று நிறுத்தாமல் விட்ட டைமர் எதுவாயினும், கொட்டும் மழையிலும் நேரம் தவறாமல் நீர் பாய்ச்சித்தான் இருக்கும். மழை பெய்தால் நிறுத்தும் உணர்கருவி விற்கிறது. அது இல்லாமலும் சமாளிக்கலாம். டைமருக்கு முன்னால் கையால் மூடும் ஒரு வால்வு இருந்தால், ஐப்பசி மழை பிடித்ததும் அதை மூடிவிட வேண்டும். டைமரைக் கழற்றிப் பாட்டரியை எடுத்து, உள்ளே நிற்கும் நீரை வடித்து, ரப்பர் வளையத்தைத் துடைத்து, வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில் மாட்டி வைக்கலாம். தை பிறந்து மண் உலரத் தொடங்கியதும் புதுப் பாட்டரி போட்டு, தம்ளர் வைத்து மறுபடி அளந்து, நேரத்தைப் புதிதாகக் குறிக்க வேண்டும். சென்ற மே மாதம் வைத்த நேரம் தை மாதத்துக்கு அதிகம்.